சித்தி புக் செய்த அறுவடை மெஷின்

புரட்டாசி, வெள்ளி இரவு.

அறுவடை மெஷின் வாடகைக்குப் பதிவு செய்யும் எங்கள் புது இணையதளம் மக்களுக்குப் புரிகிறதா என்று சோதிக்கக் கற்றுக்கொள்ள ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள் ஆபீசில். மூன்றை இரவல் வாங்கி வந்தேன். சின்னதுதான் பிடித்தது. பயன்படுத்துபவரிடம் உண்மையான வேலையைக் கொடுத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கவனிக்கச் சொல்கிறது.

அதன்படி மாலையில் பாபநாசம் சித்தியிடம் போனைக் கொடுத்தேன். "உங்க வயலுக்கு அறுவடை மெஷின் புக் பண்ணுங்க சித்தி." எங்கள் தளம் இன்னும் தொடங்கவில்லை, அது வெறும் மாதிரிப் பக்கம். அதைச் சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்று நினைத்தேன். சித்தி தடுமாறித் தடுமாறி நாளைய தேதியைப் போட்டுக் கடைசிப் பொத்தானை அழுத்தினார். நான் வாயே திறக்கவில்லை. பெருமையோடு வீடு திரும்பினேன்.

சற்று முன் சித்தி கூப்பிட்டார்.

"சொல்லி வச்சிருந்த மெஷின்காரரை வேணாம்னுட்டேன்மா. காலையில உங்க மெஷின் எத்தனை மணிக்கு வரும்? வானம் வேற மூடிக்கிட்டு நிக்குது."

"கேட்டுச் சொல்றேன் சித்தி" என்று வைத்துவிட்டேன். யாரிடம் கேட்பது? தெரிந்த மெஷின்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. மூன்று புத்தகங்களையும் மறுபடி புரட்டினேன். இதற்கு ஒன்றிலும் வழி இல்லை.

வெளியே தூறல் போடுகிறது.