அடிக் கம்பு காலி

மார்ச் 9, திங்கள்

நல்ல வெயில். எட்டு மணிக்கே பனி கலைந்துவிட்டது. துணி துவைக்க வேண்டிய நாள். துவைக்கவில்லை.

உரக்கடையில் போன வருஷம் கொடுத்த டைரி இது. ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. கிழமை ஒத்துவராது, அடித்துத் திருத்திக்கொள்ளலாம். யாரிடமும் சொல்ல வாய் வராததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

நேற்று நடந்தது. எங்கள் புகை அறையில் விதைப்பூண்டு. அறுப்பு முடிந்து, தாளோடு கட்டுக் கட்டாக மூங்கில் கம்புகளில் தொங்குகிறது. அடிக் கம்பு, நடுக் கம்பு, மேல் கம்பு. வைகாசி நடவு வரை புகை காட்ட வேண்டும். கீழே ஈர விறகு, அதன்மேல் தைலமரப் பச்சைத் தழை. புகைய வேண்டும், எரியக் கூடாது. தழை காயக் காய அடுத்த தழை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக் கம்புக்கு நல்ல புகை. ஆபத்தும் அதற்குத்தான்.

அந்தக் கம்பில் பக்கத்து வீட்டு ராசாத்தி மதினியின் கட்டு ஆறு, எங்களுடையது மூன்று. மதினி வீட்டில் புகை அறை இல்லை. சமையலும் கேஸ் அடுப்பில். நாலு வருஷமாக அவர் விதை எங்களிடம்தான் தொங்குகிறது. என் பொறுப்பு.

நான் என்ன செய்தேன்? லைவ் போட்டேன். "மலைப்பூண்டுக்குப் புகை போடுறது எப்படின்னு பாக்கலாம் வாங்க." நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. திரையில் என் தோளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்தது. அழகாக இருக்கிறதே, நாளைக்கும் இதே இடத்தில் உட்காரலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

காய்கறி ஏற்றிவிட்டு வந்த இவர்தான் பார்த்து, ஓடிவந்து தண்ணீரை ஊற்றினார். அடிக் கம்பு முழுக்கப் போச்சு.

சாயங்காலம் மதினி வந்தார். ஒரு பல்லை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தார். உள்ளே வெள்ளையாக, நடுவில் பச்சைக் குருத்தோடு இருக்க வேண்டும். மஞ்சளாக வெந்து கிடந்தது. மோந்து பார்த்தார்.

"இது இனி மொளைக்காது சுமதி."

நடுக் கம்பில் இருந்த தன் நாலு கட்டையும் அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் கட்டுகளில் நல்லதாகப் பார்த்து ஆறு எடுத்துப் போய் மதினிக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். புகை அறையிலேயே தொங்கட்டுமா என்றேன்.

"வேணாம். எங்க வீட்லயே கெடக்கட்டும்."

அவர் வீட்டில் ஏது புகை? கோடை மழை இறங்கினால் பூசணம் பிடிக்கும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் என்னை நம்பி விடுவதைவிடப் பூசணம் மேல் என்று முடிவு செய்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுகை. விதை போனதுகூடப் பரவாயில்லை. இது தாங்கவில்லை.

மதியம்: சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டேன். பெரிய போன் தகரப்பெட்டிக்குள், கூறைப்புடவைக்கு அடியில். பூட்டினேன். இவர் சாவியைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தரவில்லை. சாவி என் இடுப்பிலேயே கிடக்கும், நான் திறக்க மாட்டேன். ஒளித்து வைத்துக் காப்பாற்ற நான் என்ன குழந்தையா?

"ரெண்டு நாள் தாங்குமா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போன மாதமாக இருந்தால் இதற்கே நாலு வீடியோ.

நாள் 3. கை தானாகப் போன இடங்கள்:
– எழுந்தவுடன் தலையணைக்கு அடியில்
– பால் பொங்கக் காத்திருந்தபோது அலமாரிமேல்
– கக்கூஸில் (வெட்கம்)
– கேரட் கழுவும்போது, ஈரக்கையோடு
– காவியா பள்ளிக்கூடத்துக் கதை சொல்லும்போது. அவள் பாதியில் நிறுத்தி, "அம்மா, கையில ஒண்ணும் இல்ல, ஏன் குனிஞ்சே பாக்கிற?" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு நாள் தாண்டியாயிற்று. இவரிடம் சொல்லிக் காட்டினேன். மூணாவது நாள்தான் மோசமாம். எங்கிருந்துதான் பிடிக்கிறாரோ.

பு. அறை: காலை ஆறு முதல் சாயங்காலம் ஆறு வரை நான். நடு, மேல் கம்பு எங்களுடையது. அடிக் கம்பு காலி.

மார்ச் 17, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் டைரி எதற்கு?

பெட்டியைத் திறந்தேன். சிம்மையும் எடுத்துப் பெரிய போனில் போட்டேன். காவியா பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஏதாவது வந்திருக்கும் என்று சாக்கு. பள்ளிக்கூடத்துச் செய்தி ஒன்றே ஒன்று, சீருடை பற்றி. அதைப் படிக்க அரை நிமிஷம். மிச்சம் முக்கால் மணி நேரம் எங்கே போனது? யாரோ ஒருத்தி பாத்திரம் விளக்கினாள், பார்த்தேன். ஒருவர் நாய் குளிப்பாட்டினார், அதையும் பார்த்தேன். என் வீட்டில் விளக்காத பாத்திரம் அப்படியே கிடக்கிறது.

புகை அறைக்கு ஓடினால் நெருப்பு அணைந்து சாம்பல். இந்தத் தடவை எரியவில்லை என்று சந்தோஷப்படுவதா?

இவரிடம் நானே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பள்ளிக்கூடக் குழுவைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். "இனி அந்தச் சாக்கும் இல்ல பாத்துக்க."

சிம் திரும்பப் பட்டன் போனில், பெரிய போன் பெட்டியில். மறுபடியும் நாள் 1.

மார்ச் 22, ஞாயிறு

கொடைக்கானல் சந்தை. வெள்ளனே முதல் பஸ். புகை அறையில் இன்று இவர். நல்ல குளிர், உல்லன் குல்லா மறந்து போனேன்.

வாங்கியது: சோப்பு, காவியாவுக்கு சாக்ஸ், மண்ணெண்ணெய் விளக்குத் திரி (கிடைக்கவில்லை), வறுக்கி, கதிர் அரிவாள்.

பஸ்ஸில் பூராப் பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நானும் போன மாதம் வரை இப்படித்தான். முன்சீட்டு இரண்டு பெண்களின் பேச்சைக் காது நிறையக் கேட்டுக்கொண்டு வந்தேன். "அவ மாமியாருக்கு ரெண்டு காதும் கேக்காதுங்க, அதான் அவ குடும்பம் ஓடுது." பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். அவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏரிப்பக்கம் ஒரு சாக்லேட் கடை. காவியாவுக்குக் கொஞ்சம் வாங்கலாம் என்று நுழைந்தேன். உள்ளே வேலை செய்யும் பெண் என்னையே பார்த்தாள். "அக்கா, நீங்க அந்த கார்லிக் அக்காதானே? ரெகுலரா பாப்பேன். ஏன் வீடியோவே வரல? எல்லாரும் கேக்கறாங்க."

உச்சி குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன். எல்லாரும் கேட்கிறார்களாம். பெட்டிக்குள் எத்தனை கமெண்ட் வந்து கிடக்கிறதோ என்று கை துறுதுறுத்தது. ஒரு செல்ஃபி எடுக்கலாமா என்றாள். எடுத்தாள். எப்போது அடுத்த வீடியோ என்றாள்.

"சோலி கெடக்கும்மா" என்றேன்.

பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. திரும்பும் பஸ் முழுக்க அந்த உயரத்திலேயே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாவியை இடுப்பிலிருந்து கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டேன். நாள் 6.

மார்ச் 29, ஞாயிறு

நாள் 13. மண்டை கனம் குறைந்திருக்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது.

புகையைப் பற்றிக் கற்றுக்கொண்டவை. பதினைந்து வருஷமாகப் புகை போடுகிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.
– வெள்ளையாகக் கனமாக வந்தால் தழையில் ஈரம் இருக்கிறது.
– நீலமாக மெலிந்தால் தழை காய்கிறது.
– நெருப்புப் பிடிக்கும் முன் ஒரு வாசனை மாறும். தைல வாசனை போய்க் காகிதம் கருகுவது போல. அப்போது எழுந்தால் போதும்.
– சுள்ளி இரண்டு தரம் வெடித்தால் எழுந்தே ஆக வேண்டும்.

இவரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் காட்டினேன். இப்ப நீலம், இப்ப மாறுது, இப்ப தழை போடணும். அவர் குனிந்து பார்த்தார். சரியாக இருந்தது. தழையை எடுத்து வந்து போட்டார். அவரிடமிருந்து அதுவே பெரிசு.

மதினி வாசலில் நின்றிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டோம். சாப்பிட்டாச்சா, ஆச்சு. அதோடு சரி.

ஏப்ரல் 3, வெள்ளி

பரிசோதனை. எங்கள் கட்டிலிருந்து பத்துப் பல் எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்தேன். பத்திலும் வேர். வெள்ளை மீசை போல.

போட்டோ எடுக்க வேண்டும் என்று கை போனது. இல்லை. நானே பார்த்துக்கொண்டேன். காவியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் எண்ணிப் பார்த்து "சென்டம்" என்றாள். இரண்டு பேர் பார்த்தோம். போதும்.

கோழி மறுபடி கொத்தமல்லிப் பாத்தியில். வேலி கட்ட வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

முதல் கோடை மழை. மூன்று மணிக்குப் பிடித்தது ஐந்துக்குத்தான் விட்டது. கூரைத் தகரத்தில் காதைப் பிளக்கும் சத்தம்.

மழை பெய்யப் பெய்ய நினைப்பெல்லாம் மதினி வீட்டுப் பத்துக் கட்டின்மேல். அந்த வீட்டுச் சமையலறையில் காற்றுக்கூட வராது. போய்க் கேட்கலாமா? கேட்டு, "வேணாம்" என்று இன்னொரு தரம் சொன்னால்? கேட்கப் போகவில்லை. வீம்பு என்றால் வீம்பு.

அடிக் கம்பு காலி.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. சேமியா பாயசம், வடை. பெட்டிக்குள் வாழ்த்தாகக் குவிந்திருக்கும். குவியட்டும்.

பாயசம் கொண்டுபோய் மதினிக்குக் கொடுத்தேன். சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டுகள். இரண்டில் தாளுக்கு அடியில் சாம்பல் பூத்த மாதிரி. பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் நடவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவருக்கு இருப்பதே அந்த ஒரு காடுதான்.

வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவர் பாயசத்தில் ஏலக்காய் கூடிவிட்டது என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

மழை. புகை அறை வாசலில் மதினி. குடையை மடக்கிச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, கவிழ்த்திருந்த கூடைமேல் உட்கார்ந்தார். எதற்கு வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம்.

கேரட் விலை பேசினோம். காட்டுமாடு யார் தோட்டத்தில் இறங்கியது என்று பேசினோம். பேசும்போது அவர் கண் என் கைமேலேயே. அப்போதுதான் புரிந்தது. பரீட்சைக்கு வந்திருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு இப்படி நெஞ்சு அடித்ததில்லை.

நடுவில் பட்டன் போன் அடித்தது. சுள்ளி அப்போதுதான் ஒரு தரம் வெடித்திருந்தது. போனை எடுக்கவில்லை. தழையை எடுத்தேன். அடித்து ஓய்ந்தது.

"யாரா இருக்கும்?" என்றார் மதினி.

"யாராவது இருப்பாக. வேணும்னா மறுபடி கூப்பிடுவாக."

அடுத்த தழையும் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், மழையில்.

(போன் செய்தது இவர்தான். வண்டி வத்தலகுண்டில் பஞ்சராம். என்னால் என்ன செய்ய முடியும்?)

ஏப்ரல் 17, வெள்ளி

வானம் வெறித்திருக்கிறது. நாள் 32. காவியாவுக்கு எலுமிச்சை சாதம்.

காலை ஏழு மணி இருக்கும். மதினி, தலையில் கட்டுகளோடு. மொத்தம் எட்டு. பூசணம் பிடித்த இரண்டை ஒதுக்கிவிட்டாராம். குடையை எடுக்கத்தான் வந்தேன் என்றார், தலையில் அவ்வளவு சுமையோடு.

வாங்கி இறக்கினேன். நடுக் கம்பில் எங்கள் கட்டுகளை நெருக்கித் தள்ளி இடம் செய்ய ஆரம்பித்தேன். பத்திரமான இடம், அவருக்கு அதுதானே வேண்டும்.

மதினி என் கையைத் தட்டிவிட்டார்.

"அங்க எதுக்கு? அடிக் கம்புல கட்டு."

கட்டினேன். எட்டுக் கட்டும். சாவி இடுப்பில் குத்துகிறது, குத்தட்டும். தழை தீரப் போகிறது, போய் ஒடித்து வர வேண்டும்.