புதர் எரிந்ததும் தெரிந்த மேடு

கடலில் இருக்கும் என்னவனுக்கு,

நம் மேய்ச்சல் மலையில் நேற்று, ஆடுகளுக்குப் புதுத் தளிர் வரட்டும் என்று ஹெதர் புதர்களுக்குத் தீ வைத்தார்கள். புகை அடங்கியதும், ஆதிகாலத்தவரைப் புதைத்த பெரிய கல்மேட்டின் அருகே இன்னொன்று தெரிந்தது. தொட்டில் அளவுதான். இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

பக்கத்துப் பண்ணை வில்ஃப் வந்து பார்த்தான். "ஆட்டு நாயப் பொதைச்சிருப்பாங்க. அந்தக் காலத்துலயும் உன்ன மாதிரி நாய்மேல உசிர வெச்ச ஒரு பைத்தியம் இருந்திருக்கும்ல," என்றான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவனாகத் தொப்பியைக் கழற்றினான். நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மலைமேல் கிடப்பதெல்லாம் முனை உடைந்த கற்கள். அந்தச் சின்ன மேட்டில் மட்டும் வழவழப்பான ஓடைக்கற்கள். அவ்வளவு தூரம் யார் சுமந்திருப்பார்கள்? குழந்தையைப் பெற்றவள் மட்டுமா?

அதைத் தெரிந்துகொள்ள, ஓடையிலிருந்து அதே அளவில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் கை ஓய்ந்துவிட்டது. ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. கூட இன்னொருவர் இருந்திருக்க வேண்டும்.

கல்லை அங்கேயே பாதையோரம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சர்ச்சுக்குப் பின்னால் நம் சின்னவளின் குழிமேல் இன்னும் கல் வைக்கவில்லை. நீ கப்பலேறியதிலிருந்து அங்கே புல்தான்.

வில்ஃப் தூக்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். மறுபக்கம் பிடிக்க நீ வா.

உன்னவள்