இருபத்திரண்டை ஏழால் வகுத்தால்

பிரியந்தியின் அப்பாவுக்கு,

நாங்கள் தலவாக்கலையில் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். தேடி வர வேண்டாம்.

பை என்றால் 22/7 என்று நீங்கள் கணித வகுப்பில் சொன்னபோது, எல்லார் முன்னாலும், பிள்ளை என்ன கேட்டாள்? "சேர், 22/7 விகிதமுறு எண். பை விகிதமுறா எண். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" பாடப்புத்தகத்திலும் அவள் சொன்னபடிதான் இருக்கிறது. அதற்கா பிரம்பை எடுத்தீர்கள்?

வலது கை வீங்கியிருப்பதால் இடது கையால் இருபத்திரண்டை ஏழால் வகுத்துக்கொண்டே இருக்கிறாள். "பாருங்கம்மா, கொஞ்ச தூரம் போனதும் அதே இலக்கம் அதே வரிசையில திரும்ப வருது. பை அப்படி வராது" என்றாள்.

"இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று நேற்று அண்ணனிடம் போனில் சொன்னீர்களாம். கல்யாணமான வருஷத்திலிருந்து நான் கேட்கும் அதே சொற்கள், அதே வரிசை.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா