துரைக்குச் சோறு இறங்கவில்லை

மார்ச் 4, திங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். உள்ளங்காலில் ஈரச் சோறு. கூடத்தின் நடுவில் நாலு இடத்தில் கொட்டிக் கிடந்தது. துரை கிண்ணத்தில் சாப்பிட மாட்டான். வாய் நிறைய அள்ளிக்கொண்டு வந்து தரையில் உமிழ்ந்து, பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, மிச்சத்தை எனக்கென்று விட்டுவைப்பான். இன்று கோழி போயிருந்தது. கேரட் அப்படியே இருந்தது, நன்றாக நக்கித் துடைத்த கேரட்.

நான் வேலை பார்க்கும் எடை மேடைக்கு வந்த ஏதோ ஒரு லாரிக்காரன் விட்டுப்போன நாய். டயருக்கு அடியில் கிடந்ததைப் பாவம் பார்த்துத் தூக்கி வந்தேன். லாரிகளை எடை போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுப்பதோடு அன்றைக்கு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நாலு நாள் அது சாப்பிட்ட அழகைப் பார்த்துவிட்டு அக்காதான் 'துரை' என்று பேர் வைத்தாள். துரைக்கு இது பிடிக்காது, துரைக்கு அது ஆகாது.

இன்றும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "உன் துரை திங்கிற லட்சணத்தைப் பாத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

தரையைத் துடைத்தது நான். புலம்பல் மட்டும் அவளுடையது.

மார்ச் 9, சனி

துரையை நாய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனுஷர் பாதி கேட்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "வயித்துல ஒண்ணும் இல்ல சார், எல்லாம் திமிர். கிண்ணத்தை வைங்க. கால் மணி நேரம் பாருங்க. திங்கலேன்னா பேசாமத் தூக்கிடுங்க. கையால ஊட்டக் கூடாது, சாப்பாட்டு மேஜையிலேருந்து ஒரு பருக்கை போடக் கூடாது. வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்."

சோற்றைக் குழைத்துப் போடட்டுமா, மெல்லக் கஷ்டமோ என்று கேட்டேன். "நாய் எங்க சார் மெல்லுது? அப்படியே முழுங்கும்" என்றார்.

வீட்டில் எல்லாரும் என்றால் நானும் அக்காவும்தான். அவளிடம் சட்டத்தைச் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல் "ஆமா, உன் நாய்க்கு ஊட்டிட்டு உக்காந்திருக்கத்தான் நான் இருக்கேன்" என்றாள். அத்தான் போன பிறகு முன்னறையில் அந்தத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு என்னோடு இருக்கிறாள். தெருவில் பாதிப்பேர் சட்டை அவள் கையால் சுருங்கியதும் விரிந்ததும்தான். தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்கிறவள். ஒரு பேச்சும் வாங்க மாட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

கிண்ணம் வைத்தேன். மோந்தான். என்னைப் பார்த்தான். போய்ப் படுத்துக்கொண்டான்.

மார்ச் 13, புதன்

அதேதான். அக்காவும் சரியாகச் சாப்பிடவில்லை. "அது பட்டினி கிடக்கறப்ப எனக்கு எப்படிடா இறங்கும்?" என்கிறாள். நாயைத் திருத்தப் போய் வீட்டில் இரண்டு பேர் அடம்பிடிக்கிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. வெளியே போகலாம் என்று ஷூவில் காலை விட்டேன், உள்ளே பிசுக்கென்று என்னவோ. எடுத்துப் பார்த்தால் இறைச்சி. ஒரு சின்ன உருண்டை, நார் நாராக மென்று சக்கையானது. தின்றது போக மிச்சத்தைப் பதுக்கி வைத்திருக்கிறான் திருட்டுப் பயல். கிண்ணத்தில் வைத்தால் முகச் சுளிப்பு, என் ஷூவில் மட்டும் சேமிப்பா!

"எங்கேருந்துடா எடுத்த?" என்று கத்தினேன். காதை மடக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் ஓடினான். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். நாய் என்றாலே ஆகாது என்பவள், தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே "விடுடா, வாயில்லாத ஜீவன்" என்றாள். வாய் இல்லாமலா என் ஷூவை நாசம் செய்தது?

அவள் மடியில் அவளுடைய நீலச் சட்டையே கிடந்தது. அக்குளில் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். "துவைச்சுத் துவைச்சுத் துணி தளர்ந்துபோச்சு" என்றாள்.

மார்ச் 23, சனி

இது எந்த ஊர் நியாயம்? இரண்டு வாரமாகக் கிண்ணத்தில் பாதிகூடத் தின்னாத நாய் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. டாக்டர் எடை மெஷினைத் தட்டிப் பார்த்தார். நானும் தட்டிப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

"வேற யாரோ போடறாங்க சார். நல்லாவே போடறாங்க" என்றார்.

வேறு யார்? மேல்வீட்டு டிரைவிங் மாஸ்டராகத்தான் இருக்கும். படிக்கட்டில் துரையைப் பார்த்தால் "என்னப்பா, கிளட்சை விடு" என்று விளையாடுகிற ஆள்.

மார்ச் 25, திங்கள்

மானம் போயிற்று. படியில் மறித்து, என் நாய்க்கு எலும்பு போடுகிற வேலை வேண்டாம் என்று மாஸ்டரிடம் சத்தம் போட்டேன். அவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். "சார், நான் முட்டைகூடத் தொட மாட்டேன். உங்க நாய்க்கு எலும்புக்கு எங்க போவேன்?"

அக்கா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 28, வியாழன்

எடை மேடையில் இன்று ஒரு கூத்து. ஒரே குவாரியிலிருந்து இரண்டு லாரி. முன்னால் வந்ததில் ஜல்லி குறைகிறது, பின்னால் வந்ததில் கூடுதல். டிரைவரைக் கேட்டால் மென்று முழுங்குகிறான். கடைசியில் குவாரி சூப்பர்வைசரே வந்து சிரித்தான்: "எங்க சார் போயிடும்? இதுல இல்லேன்னா அதுல இருக்கும்." வழியில் நிறுத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். டீ குடித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தப் பேச்சு திரும்ப வந்தது. இதில் இல்லையென்றால் அதில் இருக்கும். துரைக்கு ஒன்றரைக் கிலோ ஏறியது என்றால், யாரிடம் இறங்கியது?

அக்காவின் கைக்கடிகாரம். முன்பெல்லாம் வார் சதையில் பதிந்திருக்கும். நேற்றுக் கையைத் தூக்கித் துணி உலர்த்தியபோது முழங்கைக்குச் சரிந்தது. பார்த்தேனே. பார்த்துவிட்டு, வாரை மாற்ற வேண்டும் என்றுதானே நினைத்தேன்?

மார்ச் 29, வெள்ளி

நான் நாலு வாயில் முடித்துவிட்டு பால்கனிக்குப் போகிறவன். "நீ போடா, நான் மெதுவா சாப்பிட்டுக்கறேன்" என்பாள் அக்கா. இன்று போவதுபோல் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

கோழித்துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முழுங்கப் பார்த்தாள். கழுத்து நரம்பெல்லாம் எழும்பி, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்புறம் உள்ளங்கையில் துப்பி, கையை மேஜைக்குக் கீழே இறக்கினாள். துரை அதை எடுத்துக்கொண்டான். கூடமெல்லாம் இறைக்கிற அந்த நாய், அவள் கையிலிருந்து ஒரு நார் சிந்தாமல் எடுத்துக்கொண்டது. அவள் நாற்காலிக்குக் கீழே ஒரு டைல் மட்டும் பளபளவென்று இருந்தது. நக்கி நக்கி.

ஷூவில் இருந்த உருண்டை! நாய் எங்க சார் மெல்லுது?

"எத்தனை நாளாக்கா?"

திடுக்கிட்டாள். "என்ன எத்தனை நாளா? அது பாட்டுக்கு வந்து நின்னுது, ஒரு வாய் போட்டேன்—"

"மென்னு முழுங்காம சொல்லு."

வாய் தவறி வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"மெல்ல முடியுதுடா. முழுங்கத்தான் முடியல."

குளிர் காலத்திலிருந்தே இப்படியாம். முதலில் ரொட்டி, பிறகு இறைச்சி, இப்போது சோறும் நெஞ்சில் நிற்கிறதாம். ஏன் சொல்லவில்லை? "சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ. உங்க அத்தானைக் கூட்டிட்டுப் போய் நான் தனியா வந்தேன்ல, போதும் எனக்கு அது." "நான் சாப்பிடலேன்னா நீ கண்டுபிடிச்சிடுவ" என்றாள். தள்ளிவைத்த தட்டு கடைசியில் காலியாக இருந்தால் நான் மேற்கொண்டு பார்க்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள்.

ஏப்ரல் 3, புதன்

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகப் பேசினார். "தண்ணியாவது இறங்குதாம்மா?" என்று கேட்டார்.

இறங்குதா. அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. சொல்லவில்லை, சொல்லவில்லை என்று அவள் மேல் குறைபட்டுக்கொண்டிருந்தேனே. தினம் சொன்னாளே. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துத் தட்டைத் தள்ளிவைத்துச் சொன்னாளே. ஊரில் ஆளாளுக்குச் சொல்கிற பேச்சு, இவளும் அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பழியை நாய் மேல் போட்டேன். அவளே போட்டாள், நான் பிடித்துக்கொண்டேன்.

"கூட யாரு இருக்கீங்க? கவனிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். நாய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? "நான்தான் தம்பி" என்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

என்னவென்று சொல்லிவிட்டார்கள். இங்கே எழுத வரவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

வயிற்றில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். இனி வாய் வழியாக ஒன்றும் இல்லை. தனியாகப் படுத்திருக்கச் சொன்னால் கேட்கிறாளா? நான் சாப்பிடும்போது மேஜைக்கு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள்.

துரை வந்து அவள் முழங்காலில் தாடையை வைத்தான். "என்கிட்ட ஒண்ணும் இல்லடா துரை. எனக்கே வண்டிக்கு ஊத்தற மாதிரிதான் ஊத்தறாங்க" என்றாள். அவன் நகரவில்லை.

என் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழக்கம்போல் கையைக் கீழே இறக்கினாள். நாய் டாக்டர் பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.

ஏப்ரல் 27, சனி

நாயை அடித்துவிட்டேன். சுருட்டிய செய்தித்தாளால்தான், ஆனாலும் அடித்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேண்டாம்னு முகத்தைத் திருப்பியிருக்கக் கூடாதாடா? கேரட்டுக்கு மட்டும் மூஞ்சியைத் திருப்பத் தெரியுது. அவ துப்பினதைத் திங்காம விட்டிருந்தா, அது தரையில கிடந்திருந்தா, நான் பாத்திருப்பேனேடா. உன் குப்பையைத்தானே தினம் குனிஞ்சு பாத்துட்டிருந்தேன்.

அப்புறம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கையை நக்கினான். ஏதாவது இருக்கிறதா என்று தேடினானோ என்னவோ.

மே 11, சனி

மறுபடியும் ஆஸ்பத்திரி. மாஸ்டர் தன் வகுப்பையெல்லாம் விட்டுவிட்டு, பயிற்சிக் காரிலேயே கொண்டுவந்து சேர்த்தார். காரின் தலையில் 'பழகுநர்' பலகை. அக்கா பின்சீட்டில் என் மேல் சாய்ந்துகொண்டு, "மெதுவா ஓட்டச் சொல்லு, இன்னும் லைசென்ஸ் வரல போலிருக்கு" என்றாள். மாஸ்டர் சிரித்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, சிரிப்பு இல்லை. அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார்" என்றார்.

மே 14, செவ்வாய்

பேச்சு குறைந்துவிட்டது. நான் போனதும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். "துரை சாப்பிட்டானா?"

சாப்பிட்டான் என்கிறேன். பொய். கிண்ணம் வைத்தபடி இருக்கிறது.

மே 15, புதன்

இன்றும் கேட்டாள்.

மே 16, வியாழன்

இன்று கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று துரைக்கு ஊசி போடக் கூட்டிப் போனேன். எடை பார்த்தார்கள். ஏறினதெல்லாம் இறங்கி, இருக்க வேண்டிய எடைக்கு வந்துவிட்டது. "பாத்தீங்களா, கண்டிப்பா இருந்தா வழிக்கு வந்துடும். நல்லாப் பழக்கிட்டீங்க சார்" என்றார் டாக்டர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மைதான். இப்போதெல்லாம் கிண்ணம் வைத்தால் தலையைக் குனிந்து சாப்பிடுகிறான். கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போவதில்லை, பதுக்குவதில்லை. இன்று கேரட்டையும் தின்றுவிட்டான். கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை. துடைப்பதற்குத் தரையில் ஒன்றுமே இல்லை.

தையல் மெஷினுக்கு உறை போட்டேன். தெருக்காரர்கள் தைக்கக் கொடுத்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீலச் சட்டை மட்டும் இருக்கிறது. அக்குளில் பிடித்த தையலைப் பிரிக்கலாமா என்று பார்த்தேன். நெருக்கமாகப் போட்டிருக்கிறாள், பிரியாது.

சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வயிறு நிறைந்த நாய், படுக்கப் போக வேண்டியதுதானே. அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அந்தப் பளபளத்த டைல் மேல் உட்கார்ந்து, இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன், வரவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.