மேகத்துக்கு ஒரு தாள்

12.8, செவ்வாய், முற்பகல்

அன்புள்ள சிட்டு,

உடலளவில் நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். இம்மாதம் 7ஆம் தேதி நீ எழுதியது நேற்றுதான் கைக்கு வந்தது. தேதியைக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறாய், மேலே இடுவதே முறை என்று எத்தனை தடவைதான் சொல்வது, அது கிடக்கட்டும். போனில் சொல்லாமல் எழுதுவது, அம்மாவின் காதில் விழக் கூடாது என்பதற்காக.

நாள் நினைவில் தங்கட்டும் என்று, தினமும் விடிந்ததும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழிக்கும்படி மருத்துவர் சொல்ல, நான்தான் அவளைப் பழக்கினேன். 22ஆம் தேதித் தாளில் ‘எனக்குக் கண் ஆபரேஷன்’ என்று சிவப்பு மையில் குறித்தும் வைத்தேன். சென்ற வெள்ளி, 8ஆம் தேதி, அவளை ஜன்னலோர நாற்காலியில் அமர்த்திவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனேன், முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பினால் நாட்காட்டி 27 என்கிறது. அன்று காற்றும் மேகமுமாக இருந்தது. மேகம் மறைத்து அறை இருண்டபோதெல்லாம் இரவு என்று எண்ணியிருக்கிறாள், வெளிச்சம் வந்ததும் விடிந்துவிட்டது என்று ஒரு தாளைக் கிழித்திருக்கிறாள். நடுவில் மாடியிலிருந்து கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டாளாம். ‘மணி பார்த்துத் தும்முகிற மனுஷன், இதோ வந்துடுவாரும்மா’ என்று என்னைப் பற்றி அவர் வழக்கம்போலக் கேலியாகச் சொல்ல, இத்தனை நாளாக இதையேதான் சொல்கிறீர்கள் என்று அழுதாளாம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இமைகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ராத்திரி வந்து வந்து போச்சு. ஆபரேஷன் நாளும் போச்சு. நீங்க மட்டும் வரல.”

கடிகாரத்தைக் காட்டி விளக்கினேன். அவள் மறுக்கவில்லை, விவரம் புரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கு முக்கால் மணி நேரம், அவளுக்குப் பத்தொன்பது நாள் தனிமை. எது மெய் என்று வாதாட எனக்கு இப்போது துணிவில்லை. அந்தத் தாள்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். 22 அன்று ஓர் இரவு நான் மருத்துவமனையில் தங்கியாக வேண்டும், அந்த ஓர் இரவு அவளுக்கு எத்தனை வருஷமோ. தையல்காரர் மனைவி துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்கிறார், ஆனால் அம்மா அவரை இப்போது யார் நீங்கள் என்று கேட்கிறாள். எதற்கும் உன்னை அலைக்கழிக்கக் கூடாது என்றிருந்தவன் நான். பயமாக இருக்கிறது, சிட்டு. 20ஆம் தேதிக்குள் வந்து சேர். வருகிற நாளை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, அந்த நிமிஷத்திலிருந்து காத்திருக்கத் தொடங்கிவிடுவாள்.

உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் கூடிவர என் ஆசிகள். உன்னிடமுள்ள வீட்டுச் சாவியை மறவாமல் எடுத்து வா. வானம் மூடிக்கொண்டு வருகிறது, எழுந்து போய் அம்மா பக்கத்து விளக்கைப் போட வேண்டும்.

இங்ஙனம்,
உன் அப்பா