ஆறு மணி மருந்து

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. மகள் இப்போதுதான் நித்திரையானாள். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சைக் கழற்ற விடமாட்டாளாம். அதில் இருக்கும் ஸ்பிரிட் மணம், கம்பஸில் படித்த காலத்தில் நாம் இருவரும் ஒரே மெசினுக்குக் காவல் இருந்த ஆய்வுகூடத்தை இங்கே கொண்டுவந்துவிட்டது.

அந்த மெசினுக்குள் முடியளவு மெல்லிய குழாய். இரத்தத்திலிருந்து பிரித்த நீரில் ஒரு துளியை உள்ளே விட்டு மின்சாரம் கொடுத்தால், வலிப்பு மருந்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து ஓடித் திரையில் முகடுகளாக எழும். கார்பமசெபைனுக்கு மட்டும் மின்னேற்றம் இல்லை. சவர்க்காரம் போன்ற ஒன்றைச் சேர்த்தால்தான் அது தனியே பிரியும். "உன்ர அவரைப் போலத்தானடி, ஆரும் தள்ளினாத்தான் அசையும்," என்று பகிடி பண்ணுவாய்.

என் முகடுகள் ஊசி போல் நிற்கும். குழாயைக் கழுவப் பொறுமை இல்லாத உன்னுடையவை சரிந்து கிடக்கும். ஆனால் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரேயொரு இடம் வந்தபோது அது உனக்குத்தான் போனது. நான் கலியாணம் கட்டி அக்கராயனுக்கு வந்தேன். வெள்ளைக் கோட்டோடு அதே மாதிரி மெசினுக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படத்தைப் போனில் பார்த்த அன்று, குசினியில் சோறு அடிப்பிடித்தது. அதற்குப் பிறகு நீ போட்ட செய்தி ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. பொறாமை. வேறு பெயர் இல்லை அதற்கு.

மகளுக்கு நாலு வயது. வலிப்புக்கு அதே கார்பமசெபைனைத்தான் குடிக்கிறாள். குடித்தும் வலிப்பு நிற்காததால், இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். இரத்தம் எடுக்கும்வரை காலை மருந்து கொடுக்கக் கூடாது. எனக்குத் தெரியாததா? ஆனால் போன முறை கிளினிக்குக்குப் போகையில் பஸ்ஸுக்குள்ளேயே வலிப்பு வந்தது. அந்தப் பயத்தில் இன்று ஆறு மணிக்கே கொடுத்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குத் தாதி கேட்டார்: "காலமை மருந்து குடுத்தனீங்களோ அம்மா?"

"இல்லை, மிஸி."

அந்த இரத்தம் கொழும்புக்குப் போகிறது. காலையில் குடித்த மருந்தால் முகடு உயரமாக எழும். மருந்து போதியளவு நிற்கிறது, ஆனாலும் பலிக்கவில்லை என்று டொக்டர் மருந்தையே மாற்றிவிடுவார்.

ஒருமுறை நீ இரண்டு மாதிரிகளை மாற்றி வைத்து ஒரு கிழமை வேலையைக் கெடுத்தாய். பிறகு கொப்பியில் சிவப்புப் பேனையால் 'என் பிழை' என்று எழுதினாய்.

"எழுதாட்டி ஆரும் கண்டுபிடிக்க மாட்டினம், விசரி," என்றேன்.

"எனக்குத் தெரியுமெல்லே," என்றாய்.

அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் பேராசிரியர் வெளிநாட்டு இடத்துக்கு உன் பெயரைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். என்னுடைய ஊசி முகடுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கும் சுடுவது அதுதான். உன் வெள்ளைக் கோட்டு அல்ல.

மகளின் கிளினிக் கொப்பியில் சற்று முன்தான் சிவப்புப் பேனையால் எழுதினேன்: 'ஆறு மணிக்கு மருந்து கொடுத்தேன். பொய் சொல்லிவிட்டேன்.' விடிய முதல் பஸ்ஸில் அதைக் கொண்டு போகிறேன். பிள்ளைக்கு இன்னொரு முறை ஊசி குத்தத்தான் வேண்டுமா, அல்லது கொடுத்த நேரத்தைச் சொன்னால் அந்த இரத்தமே போதுமா? இது உன் வேலை, உனக்குத்தான் தெரியும். கெதியாகப் பதில் போடு.