உறவினர் யாரேனும் உண்டா?

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பேனா பிடித்து எத்தனை நாளாயிற்று என்பதை என் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். சிரிக்காமல் படி. இங்கே மூவரும் சுகம். அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, உன் மருமகள் “கம்பெனிகளைச் சாப்பிடற வேலை” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியை விலைக்குக் கேட்டிருப்பது யார் என்று இதற்குள் உன் கூட்டாளி சொல்லியிருப்பார். நாங்கள்தான். எங்கள் பக்கம் பேச்சை நடத்துவது நான். அதனால் எல்லாம் முடியும்வரை எனக்குப் போன் செய்யாதே, மெயிலும் அனுப்பாதே. இரண்டையும் வக்கீல்கள் எந்நேரமும் திறந்து பார்க்கலாம். வீட்டு முகவரிக்குக் கடிதம் எழுது. இருபதாம் தேதி நாங்கள் ஆறு பேர் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். அங்கே என்னை முன்பின் பார்த்திராதவள் போல இருந்துவிடு. உனக்கு அத்தான் பெயர் பின்னால், எனக்கு அப்பா பெயர் முன்னால். யாருக்கும் சந்தேகம் வராது.

போன வருடம் ஒரு கம்பெனி கைக்கு எட்டி நழுவிப்போனதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு என்னை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். இது நல்லபடியாக முடிந்தால் பிரிவுத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று பேச்சு. முடியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதில்லை.

உன் தம்பி

•

பிப்ரவரி 23

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடியே நடந்துகொண்டேன். வரிசையாகக் கை கொடுத்தபோது உனக்கும் கொடுத்தேன். நீ விசிட்டிங் கார்டை நீட்டினாய். உன் பெயரைவிடப் பதவியின் பெயர் நீளமாக இருக்கிறது. இடுப்பும் பெருத்திருக்கிறது, கவனி. நான் பேசி முடித்ததும் “ரொம்பத் தெளிவா சொன்னீங்க மேடம்” என்றாய். பிறந்ததிலிருந்து நீ என்னை வாங்க, போங்க என்றதில்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று தண்ணீர் குடித்தேன்.

என் கூட்டாளிக்கு எனக்கொரு தம்பி உண்டு, வெளிநாட்டில் இருக்கிறான் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் பத்து வருடமாக அவர் கேட்டதில்லை. மூலக்கூறுகளோடுதான் அவருக்குச் சொந்தபந்தம்.

இனி என் குறை. எங்களிடம் மருந்து இரண்டு. மூட்டு வீக்கத்துக்கானதைப் பெரியவன் என்போம், தசை இறுகிப்போகும் நோய்க்கானதைச் சின்னவன் என்போம். பெரியவனுக்கு உலகம் முழுக்க நோயாளிகள். சின்னவனை இப்போது சோதனையில் சாப்பிடுகிறவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் ஒரு தையல்காரப் பெண்மணி. விரல்கள் மடங்கிப்போய் இரண்டு வருடம் கத்தரிக்கோலைத் தொடாதவர், போன மாதம் தனக்கே ஒரு ரவிக்கை வெட்டித் தைத்திருக்கிறார். மருத்துவர் படம் அனுப்பியிருந்தார். தையல் கொஞ்சம் கோணல்தான்.

உங்கள் ஆட்கள் எங்களுக்கு அனுப்பிய கேள்விப் பட்டியலை அச்செடுத்து உட்கார்ந்து எண்ணினேன். நானூற்று ஆறு கேள்விகள். சின்னவனைப் பற்றி நான்கு. சோதனையை நிறுத்த மருத்துவமனைகளுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? மிச்ச மாத்திரைகளை யார் அழிப்பது? நிறுத்தினால் வழக்குப் போடமாட்டோம் என்று நோயாளிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? எந்த அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும்? மருந்து வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பட்டியல்களை எழுதித்தான் நீ பிழைக்கிறாய். ஒன்றை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இப்படியா கேட்பார்கள்?

அக்கா

•

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணிப் பார்க்கிற புத்தி உன்னை விட்டுப் போகாது. சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் போதும், எத்தனை குறைகிறது என்று சொல்லிவிடுவாய்.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தில் சின்னவனைத் தொடர ‘நியாயமான முயற்சி மேற்கொள்ளப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். மற்றவர்களிடம் அந்த வரியைக் காட்டுவேன். உன்னிடம் மழுப்ப மனம் வரவில்லை.

இரண்டும் ஒரே மூலக்கூறிலிருந்து வந்தவை. நாளைக்குச் சின்னவனைச் சாப்பிட்ட ஒருவருக்கு ஈரலில் கோளாறு என்றால், பெரியவனின் பெயரும் அதே அறிக்கையில் வரும். இருபத்துமூன்று பேருக்காக அந்த ஆபத்தை எங்கள் தலைவர் சுமக்க மாட்டார். கையெழுத்தாகி மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். இது என் முடிவு இல்லை. ஆனால் பட்டியலை எழுதியது நான்தான், அதை மறைக்கவில்லை.

நீ உழைத்ததற்கு இப்போதுதான் பலன் வருகிறது. அத்தானை நல்ல இடத்தில் காட்டி முழங்காலைச் சரிசெய். கொஞ்ச நாள் சும்மா இரு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் தம்பி

•

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

கிழித்துவிட்டேன்.

பெரியவனை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னவனை எங்களிடமே விட்டுவிடுங்கள். இது உலகத்தில் இல்லாத வழக்கம் ஒன்றும் இல்லை. வேண்டாததைப் பிரித்து ஒரு சின்னக் கம்பெனியாக்கிப் பழைய ஆட்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்கு இரண்டு அறையும் நான்கு ஆட்களும் போதும். என் கூட்டாளியிடம் சொன்னேன். “அவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லம்மா, ஆனா அதுக்காக வித்துப் போறதை நிறுத்திடாதீங்க” என்கிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. களைத்துப்போய்விட்டார்.

இன்னொன்று. எங்கள் வக்கீல் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். ஏழாவது கேள்வி: ‘வாங்கும் தரப்பில் உறவினர் யாரேனும் உண்டா? உண்டெனில் பெயர், உறவுமுறை.’ மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இதே படிவம் உன் பக்கமும் வந்திருக்குமே. முதலில் போன் வேண்டாம் என்றாயே, அப்போது எனக்கு உறைக்கவில்லை. வக்கீல்களுக்காகக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கிறாய் என்று நினைத்தேன்.

அதில் நீ என்ன எழுதினாய்?

அக்கா

•

மார்ச் 22

அக்கா,

‘இல்லை’ என்று எழுதினேன்.

உண்டு என்று எழுதியிருந்தால் அன்றைக்கே என்னை இதிலிருந்து விலக்கியிருப்பார்கள். இரண்டு வருடமாக நான் தேடிக் கண்டுபிடித்த மருந்து இது. நீ வேலை செய்கிற இடத்தில் இருந்தது என் துரதிர்ஷ்டம். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம்பினால் நம்பு.

இப்போது நீ உண்டு என்று எழுதினால் என் வேலை போகும். வேலை மட்டும் என்றால் பரவாயில்லை, இந்தத் துறையில் என்னை எவரும் வாசலில் சேர்க்க மாட்டார்கள். நீயும் அதையே எழுதிவிடு அக்கா. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். சின்னவனைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றி இனிக் கேட்காதே. தலைவரிடம் நான் வாயெடுக்கவே மாட்டேன். எங்கே இருந்தாலும் அது பெரியவனின் தம்பிதான், ஆபத்து ஆபத்துதான்.

தம்பி

•

மார்ச் 29

தம்பிக்கு,

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். உன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவாள்.

அக்கா

•

ஏப்ரல் 5

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். இரண்டே வரி. அம்மா இருந்திருந்தால்கூட இதைச் செய்திருப்பாளா தெரியவில்லை, உபதேசம் பண்ணியிருப்பாள். நீ ஒன்றுமே கேட்கவில்லை.

இருபதாம் தேதி உங்கள் பங்குதாரர் கூட்டம் முடிந்ததும் நான் அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு, நாங்கள் மூவரும் உன் வீட்டில் பத்து நாள் டேரா போடப்போகிறோம். உன் மருமகள் இப்போதே பெட்டியில் பொம்மைகளை அடுக்குகிறாள். அத்தை வீட்டில் மாடிப்படி உண்டா என்று தினமும் கேட்கிறாள். உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். இல்லையென்றால் ஒன்று கட்டிவிடு.

நீ எனக்குச் செய்ததை மறக்க மாட்டேன்.

என்றும் உன் தம்பி

•

ஏப்ரல் 12

தம்பிக்கு,

நீ இவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் ஏமாற்றியதாகிவிடும்.

படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் எங்கள் வக்கீலிடம் பொதுவாக ஒன்று கேட்டேன். வாங்குகிற பக்கம் உறவு வைத்திருக்கிற பங்குதாரர் ஓட்டுப் போடலாமா என்று. “அவங்க ஓட்டை ஒதுக்கி வச்சிடுவாங்க மேடம், கணக்கிலேயே வராது” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் ‘இல்லை’ என்று எழுதினேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. முதல் காரணம் அது இல்லை.

பங்குகளில் முக்கால் பாகம் சம்மதித்தால்தான் விற்பனை செல்லும். என்னிடம் மூன்றில் ஒரு பாகம் இருக்கிறது. சின்னவனையும் அந்த இருபத்துமூன்று பேரின் சோதனையையும் பிரித்து எங்களிடம் கொடுப்பதாக எழுத்தில் வராவிட்டால், இருபதாம் தேதி நான் கை தூக்க மாட்டேன். இன்று கூட்டாளியிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உனக்கு என்னைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. நான் உன் அக்கா என்று உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடு. என் ஓட்டு போய்விடும். மிச்சப்பேர் ஓட்டில் விற்பனையும் நடந்துவிடும். உன் வேலையும் போகும். இது மிரட்டல்தான், வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. முதலில் கேட்டுப் பார்த்தேன், இனிக் கேட்காதே என்றாய்.

குழந்தையிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லாதே. நீங்கள் எப்போது வந்தாலும் வீடு திறந்திருக்கும்.

அக்கா

•

ஏப்ரல் 24

உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சந்தோஷம் தெரியவில்லை. எனக்காகச் சந்தோஷப்படாமல் இருந்தாய் என்றால், அது தேவையில்லை.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன், சின்னவனைக் கொடுக்காவிட்டால் பெரியவனும் வராது என்று. யாரால் வராது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். “அந்த அம்மாவை உன்னால சமாளிக்க முடியலையா?” என்றார். முடியவில்லை என்றேன். பிரிவுத் தலைவர் பதவியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பேரம் பேசத் தெரியாதவன் என்று இனி என்னைப் பற்றிச் சொல்வார்கள். பரவாயில்லை, அதுவும் ஒரு பெயர்தான்.

வக்கீலுக்கு இரண்டு வரி மெயில் அடித்து வைத்திருந்தேன். ‘அவர் என் உடன்பிறந்த சகோதரி’ என்று. ஒரு மணிநேரம் அது திரையில் இருந்தது. அனுப்பவில்லை. உன் மேல் இருக்கிற பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. பயத்தால். என் பயம் எவ்வளவு என்று தெரிந்துதானே நீ கேட்டாய். வேறு யார் என்னை அப்படிக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

எனக்கு உறவினர் எவரும் இல்லை என்று எழுதியபோது அது பொய். இப்போது அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. எழுதாதே.

•

அடுத்த ஆண்டு, மே 18

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். நான்கு எழுதிவிட்டேன், இது ஐந்தாவது. எதற்கும் பதில் வரவில்லை. நியாயம்தான்.

இரண்டு அறையில் கம்பெனி நடக்கிறது. நான்கு பேர் என்று கணக்குப் போட்டிருந்தேன், மூன்று பேர்தான். இருபத்துமூன்றில் ஒருவர் இறந்துவிட்டார், மருந்தால் அல்ல, வயது. ஒருவர் தானாக நின்றுகொண்டார். மீதி இருபத்தொரு பேருக்கும் மாதாமாதம் மாத்திரை போகிறது. ஈரல் சோதனை வாராவாரம் பார்க்கிறோம். இதுவரைக்கும் எல்லாருக்கும் சரியாக இருக்கிறது. அடுத்த வாரமும் சரியாக இருக்குமா என்று தெரியாது. நீங்கள் பயந்ததில் தப்பில்லை.

உன்னை மிரட்டியதற்காக வருத்தப்படுகிறேன். திரும்பவும் அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன். இரண்டும் உண்மை. உன்னிடம் ஒன்றை மட்டும் சொல்லி நல்லவளாகிக்கொள்ள முடியவில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் வரை இரண்டு தரப்புக் கோப்புகளையும் தணிக்கைக்குத் திறக்கலாம் என்று இருந்தது. போன மாதத்தோடு அந்தக் கெடு முடிந்தது. “இனிமே யாரும் அதைத் தொடமாட்டாங்க மேடம்” என்று எங்கள் வக்கீல் சொன்னார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ எடுப்பாய், வைத்துவிடுவாய், அந்த அளவுக்குத்தான் யோசித்திருந்தேன்.

உன் மகள் எடுத்தாள். குரல் மாறியிருக்கிறது, கொஞ்சம் உன் குரல். “யாரு பேசறீங்க?” என்று கேட்டாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, நீயாகத்தான் இருக்கும். அவள் பொறுமையாகத் திரும்பவும் கேட்டாள்.

“அப்பா ஆபீஸ்ல இருந்தும்மா, அப்புறம் பேசறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா